வலது கையெழுத்து

கருமத்தம்பட்டி,
12.6.1995

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தனபால் எழுதிக்கொண்டது. இங்கே நானும் லோகப்பிரியாவும் சுகம். உங்கள் இடுப்பு வலியும் மாமாவின் கால் வலியும் எப்படி இருக்கின்றன?

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல் போனதிலிருந்து நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி லோகுதான் எழுதினாள். இது என் இடது கையால் நானே எழுதும் முதல் கடிதம்.

மில்லில் என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மிஷினுக்கு இல்லை, கேட்டுக்கு. ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். புது மேனேஜர் கந்தப்பன் நல்ல மனுஷராகத் தெரிகிறார். "மூணு வெரல் போனா என்னங்க, கண்ணு ரெண்டும் இருக்குதில்லீங்க?" என்றார். இரண்டு வருஷத்துக்கு மேலாக வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த ஒரு பேச்சே போதும்.

ஆனால் ஒரு பயம். விரல் போனதற்காக இ.எஸ்.ஐ.யிலிருந்து மாதாமாதம் வருகிற பென்ஷன், வேலைக்குப் போனால் நின்றுவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆபீசுக்குப் போய்க் கேட்கலாம் என்றால், என்னை நானே காட்டிக்கொடுத்தது போல ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாலுசாமி இன்னும் அங்கேதான் மேஸ்திரியாக இருக்கிறான். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னவன் அவன். விரல் போன பிறகு விசாரணையில், "தனபாலு கள்ளுக் குடிச்சுப்போட்டு வந்திருந்தானுங்க" என்று சொன்னவனும் அவன். டாக்டர் அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் பென்ஷன் கிடைத்தது. ஆனால் ஊரில் போன பேர் திரும்பவில்லை. விரலை மறந்தாலும் அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். இனி தினமும் அவன் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதற்காகவே போகலாம் போலிருக்கிறது.

போகட்டுமா? பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தனபால்


மதுக்கரை,
20.6.1995

ஆசையுள்ள தம்பிக்கு அக்கா பழனாத்தாள் எழுதும் கடிதம். மாரியாத்தா புண்ணியத்தில் நாங்கள் சுகம். மாமாவுக்குக் கால் வலி எப்போதும் போலத்தான், இருந்தாலும் ஒரு நாள் இரும்புப் பவுண்டரி வேலைக்குப் போகாமல் இருப்பதில்லை. நீயும் லோகுவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன் கண்ணு. கோணலாகத்தான் இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது.

வேலைக்குப் போ. ஆம்பிளை எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியும்? பென்ஷன் விஷயத்தை யாரிடமும் பேசாதே, யாரிடமும் கேட்காதே. வருகிறவரைக்கும் வரட்டும்.

பாலுசாமி நம் பங்காளி. குலதெய்வம் கோயிலில் அவன் வீட்டுப் பொங்கலும் நம் வீட்டுப் பொங்கலும் ஒரே வரிசையில் வைப்பதுதான். பழசைக் கிளறாதே. பார்த்தால் சிரித்துப் பேசு.

கேட்டில் உட்கார நிழல் இருக்கிறதா? என்னென்ன நோட்டெல்லாம் உன் பொறுப்பு? பழைய நோட்டுகளை எங்கே வைக்கிறார்கள்? எல்லாம் விவரமாக எழுது. என் தம்பி எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று மனசில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
பழனாத்தாள்


கருமத்தம்பட்டி,
9.7.1995

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரம். நாங்கள் நலம். மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. கேட் ரூமில் ஓட்டுக் கூரை, ஒரு மேஜை, ஒரு மண்பானைத் தண்ணீர். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே போய்விடுகிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டு. மூன்று தடவை தாமதமானால் மெமோ. அதற்குக் கணக்கு என் நோட்டுத்தான். பழைய நோட்டுகளைக் கேட்டீர்களே, 1990 முதல் ஆஜர் நோட்டு, சம்பள நோட்டு எல்லாம் என் தலைக்கு மேலே பரணில் சாக்குக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தும்மல்தான் வருகிறது.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் சட்டையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வரும்போது எத்தனை சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? லோகு வாசலில் நின்று என் தலையிலிருந்து பஞ்சைத் தட்டிவிடுகிறாள். இதற்காக எதையும் விட்டுக் கொடுக்கலாம் அக்கா.

நீங்கள் சொன்னபடி சிரிக்கத்தான் பார்க்கிறேன். அவன் விட்டால்தானே? முதல் நாளே என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தனபாலு, கோழி கிண்டுன மாதிரி இருக்குதுங்களே! வெயிலுக்கு எளநி குடிங்க, கள்ளுக் குடிச்சுப்போடாதீங்க" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நேற்று, "பென்சனும் சம்பளமும் சேத்தி வாங்கற ராசாவுக்கு வழி உடுங்கப்பா" என்றான். என் காதெல்லாம் சுட்டுவிட்டது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவன் வாயை அடைப்பேன்.

இப்படிக்கு,
தனபால்


மதுக்கரை,
5.8.1995

ஆசையுள்ள தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். ஆடிப்பெருக்கு நல்லபடியாக முடிந்தது. லோகுவுக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன், சுக்குக் கஷாயம் வைத்துக் கொடு.

போன வாரம் மாமாவுக்கு ஒரு காகிதம் கொடுக்க வேண்டிய வேலை இருந்தது. லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனார். நானும் கூடப் போனேன். காந்திபுரத்தில் கூட்டமான கூட்டம். எனக்கும் அங்கே சின்னதாக ஒரு சோலி இருந்தது, முடித்துக்கொண்டேன். லோகுவுக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுத்தேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

பாலுசாமி பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் நோட்டை மட்டும் ஒழுங்காக எழுது. யாரும் உன்னை ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. இதை நான் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கும். கேட்டு நட.

உன் அக்கா,
பழனாத்தாள்


கருமத்தம்பட்டி,
18.9.1995

அக்காவுக்கு, நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நான் பயந்தது நடந்துவிட்டது. என் மேல் யாரோ இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஊனப் பென்ஷன் வாங்குகிறவன் மில்லில் வேலையும் பார்க்கிறான், வந்து விசாரியுங்கள் என்று. இன்ஸ்பெக்டர் வந்து நோட்டுகளைப் பார்ப்பார் என்று மில்லுக்குத் தபால் வந்திருக்கிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

யாரோ என்ன யாரோ! பாலுசாமிதான். பென்சனும் சம்பளமும் சேத்தி என்று வாய்க்கு வாய் சொன்னவன் வேறு யார்? விரலை எடுத்தான், பேரை எடுத்தான், இப்போது சோற்றில் கை வைக்கிறான்.

இதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கேட்பார்களா? போலீஸ் வருமா? லோகு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் இன்றைக்கே வேலையை விட்டுவிடட்டுமா? மாமாவைக் கேட்டு உடனே எழுதுங்கள். உங்கள் பதிலுக்காகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தனபால்


கருமத்தம்பட்டி,
4.10.1995

அக்காவுக்கு,

பதினாறு நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடிதம் கைக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ?

இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. கேட்டில் ஜீப் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து பார்க்கிறேன். வேலையை விட மனசு வரவில்லை. இருக்கவும் முடியவில்லை. பாலுசாமி தினமும், "என்னுங்க, முகமெல்லாம் வாடிப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டு போகிறான்.

இனிமேல் அவனைச் சும்மா விடுவதாக இல்லை. கேட்டில் பேனா என் கையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் கடிதத்தில் எழுத முடியாது. நான் என் பங்குக்கு ஆரம்பித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தனபால்


மதுக்கரை,
14.10.1995

தம்பிக்கு, நாங்கள் சுகம். தீபாவளிக்குள் லோகு உடம்பு தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டு கடிதமும் வந்தன. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலையை விடாதே. ஒரு பைசா திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாயைத் திறக்காதே. இன்ஸ்பெக்டர் வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கையெழுத்துப் போடச் சொன்னால், தயங்காமல் அவர் கண் முன்னால் இடது கையால் போடு.

ஏதோ ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, என்ன அது? எதுவாக இருந்தாலும் நிறுத்து. எழுது.

அக்கா


கருமத்தம்பட்டி,
20.11.1995

என் அருமை அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி தனபாலின் கோடி நமஸ்காரம். நாங்கள் நலம், நலம், நலம்! லோகு இப்போது ஒப்பிட்டுப் போளி சுட்டுக்கொண்டிருக்கிறாள், நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருக்கிறது.

போன வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனுஷர், கண்ணாடி போட்டவர். மேனேஜர் ரூமில் என்னை உட்கார வைத்து, "தனபாலுங்கறது நீங்களா? பென்சனும் வாங்கறீங்க, வேலையும் பாக்கறீங்க, அப்படித்தானுங்களே?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

"அதுல ஒரு தப்பும் இல்லீங்களே" என்றார். "நிரந்தர ஊனத்துக்குக் குடுக்கற பென்சன் ஆயுசுக்கும் உண்டுங்க. நீங்க வேலைக்குப் போனாலும் நிக்காதுங்க. யாரு உங்களப் பயமுறுத்துனது?"

அழுதுவிட்டேன் அக்கா. மேனேஜர் தண்ணீர் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் விஷயமே. அடிபட்டு வைத்தியத்தில் இருந்தபோது கொடுத்தார்களே, அந்தப் பணம் வேறு கணக்காம். அந்த நாட்களில் வேலை செய்து சம்பளம் வாங்கியிருந்தால் அது குற்றமாம். நான் அப்படி வாங்கியதாகவும் மொட்டைக் கடிதத்தில் எழுதியிருந்ததாம். "தொண்ணூத்தி மூணு நோட்டை எடுங்க" என்றார். பரணில் ஏறி நானே எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்தால், நான் ஆஸ்பத்திரியில் கையைக் கட்டித் தொங்கவிட்டுக் கிடந்த இருபத்திரண்டு நாளுக்கும் ஆஜர் போட்டிருக்கிறது! சம்பள நோட்டில் தனபால், தனபால் என்று அச்சடித்த மாதிரி கையெழுத்து. அப்போது அந்த நாட்களுக்கு ஆஸ்பத்திரிப் பணம் வராதபோது, சட்டம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைக் கொடுத்து, "கையெழுத்துப் போடுங்க" என்றார். இடது கையால் போட்டேன். என் வலது கையையும் மேஜை மேல் எடுத்து வைத்தேன். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருக்கிற கையையும் நோட்டுக் கையெழுத்தையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப இது யாரு போட்டதுங்க?" என்று மேனேஜரைக் கேட்டார். எங்கள் டிபார்ட்மெண்ட் சம்பளத்தை மொத்தமாக வாங்கிப் பட்டுவாடா செய்தவன் பாலுசாமி. கூப்பிட்டார்கள். வந்தான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

என்னை மாட்டிவிட எழுதின மனுவில் அவனே மாட்டிக்கொண்டான். சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். எல்லா நோட்டையும் வைத்து மேனேஜர் விசாரிக்கிறார். இன்றைக்குத்தான் அக்கா எனக்கு வயிறு நிறைந்தது.

இப்படிக்கு,
சந்தோஷத்துடன்,
தனபால்


மதுக்கரை,
27.11.1995

என் கண்ணு தனபாலுக்கு அக்காவின் ஆயிரம் ஆசீர்வாதம். உன் கடிதத்தை மாமாவை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு தலைக்குக் குளித்து, மாரியாத்தாளுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டேன்.

இனி சொல்லலாம். அந்த மனுவைப் பாலுசாமி எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

காந்திபுரத்தில் மாமாவோடு போனபோது சோலி இருந்தது என்றேனே, அது இதுதான். மனு அடித்துக் கொடுக்கிறவரிடம் நான் சொல்லச் சொல்ல அவர் டைப் அடித்தார். பேர் போடவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இ.எஸ்.ஐ.யிலிருந்து உன் தலைமாட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. இருபத்திரண்டு நாள் நீ வேலைக்குப் போனதாக மில் சொல்கிறது, அதனால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை என்று அதில் இருந்தது. மாமா படித்துச் சொன்னார். உங்கள் சம்பளத்தை வாங்கிப் பட்டுவாடா செய்பவன் பாலுசாமி என்பதால் இது யார் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ அப்போது சோற்றைக் கூட என் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். சீட்டை மடித்து என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் கோயிலில் அவன் பக்கத்தில் நின்று, "பாலு, குழந்தைக நல்லா இருக்குதா?" என்று கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அந்தச் சீட்டை நினைத்துக்கொள்வேன்.

அப்போதே நியாயம் கேட்டு எழுதியிருந்தால் குமாஸ்தா தப்பு என்று முடித்திருப்பார்கள். ஒருத்தன் மேல் கோள் சொன்னால் வந்து நோட்டைப் பிரிப்பார்கள். நீ வேலையில் சேர்ந்தால்தான் கோள் சொல்ல முடியும். அதனால்தான் போ என்றேன்.

பென்ஷன் நிற்காது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பவுண்டரியில் கால் விரல் போனதிலிருந்து பதினோரு வருஷமாக அது வருகிறது. அவரும் வேலைக்குப் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்றுக் காகிதம் கொடுத்துவிட்டு வருகிறார். அவர் அண்ணன் தம்பிகள் பங்கு கேட்பார்கள் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

உன்னைப் பயத்தில் விட்டது பாவம்தான். ஆனால் உன்னிடம் சொன்னால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பாலுசாமி பரணில் ஏறி நோட்டைக் கிழித்திருப்பான். என் தம்பியைக் குடிகாரன் என்றவன் இன்றைக்குத் திருடன் என்று பேர் வாங்கினான். எனக்கு அது போதும்.

உன் அக்கா,
பழனாத்தாள்


கருமத்தம்பட்டி,
19.12.1995

பழனாத்தாளுக்குத் தனபால் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நீ என்றுதான் எழுதப் போகிறேன். நீங்கள் என்று எழுத இப்போது கை வரவில்லை. நலமும் விசாரிக்கவில்லை.

என் வேலை போய்விட்டது.

மொட்டைக் கடிதம் போட்டது அவன் என்று நினைத்தேனே, அந்த வாரத்திலிருந்து அவனுக்குத் தாமதம் போட ஆரம்பித்தேன். ஐந்தே ஐம்பதுக்கு வந்தவனுக்கு ஆறு பதினைந்து என்று எழுதினேன். ஒரு மாதத்தில் ஒன்பது தடவை. மூன்று மெமோ வாங்கினான், ஒன்பது அரை நாள் போயிற்று. எனக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது. நிறுத்து என்று நீ எழுதினாய். நான் நிறுத்தவில்லை, உனக்குப் பதிலும் எழுதவில்லை.

விசாரணையில் அவன் எழுந்து, "ஆறு வருசமா ஒரு நாளு நான் லேட்டா வந்ததில்லீங்க, கேட் நோட்டையும் டிபார்ட்மெண்ட் நோட்டையும் சேத்தி வெச்சுப் பாருங்க" என்றான். பார்த்தார்கள். ஆறு மணிக்கு அவன் மிஷின் ஓட்டியதற்கு டிபார்ட்மெண்ட் நோட்டில் கணக்கு இருந்தது. அடித்துத் திருத்தின இடமெல்லாம் என் கோணல் எழுத்து. இந்த மில்லில் இப்படி எழுதுகிறவன் நான் ஒருவன்தானே?

கந்தப்பன் என்னைத் திட்டக்கூட இல்லை. "வராதவன வந்தான்னு எழுதுனவனுக்கு ஒரு நாயம், நேரத்துக்கு வந்தவன லேட்டுன்னு எழுதுனவனுக்கு ஒரு நாயமாங்க? ரெண்டு பேரும் நோட்டக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். இரண்டு பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்.

அவன் மனு போடவில்லை. போட்டவள் நீ. "பயப்படாதே, பென்ஷன் நிற்காது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தப் பேனாவைத் தொட்டிருப்பேனா? பதினாறு நாள் தபால்காரர் முகத்தைப் பார்த்தேன். உன் பழியைத் தீர்க்க என்னைத் தூண்டிலில் புழுவாக மாட்டிவிட்டாய். சாயங்காலம் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேனே, அது போய்விட்டது. இப்போது லோகு தட்டிவிட என் தலையில் ஒன்றும் இல்லை.

தனபால்


மதுக்கரை,
30.12.1995

தம்பிக்கு, நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். நீயும் லோகுவும் சுகமா?

மன்னிப்புக் கேட்கத்தான் தாளை எடுத்தேன், நான்கு நாளாக வரவில்லை. நான் உன்னிடம் மறைத்தேன். நீ என்னிடம் மறைத்தாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்? உன் வேலை போனதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவன் வேலை போனதை நினைத்தால் இறங்குகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

அவன் அம்மா இங்கே வந்தாள். "எம் பையன இப்படிச் செஞ்சுபோட்டாங்களே அம்மணி" என்று அழுதாள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் எனக்கு வரவில்லை.

பவுண்டரி கேட்டுக்கு ஆள் வேண்டுமாம், மாமா உனக்காகப் பேசியிருக்கிறார். பொங்கல் கழித்து வா. கோபம் தீராவிட்டாலும் வா. என்னோடு பேசாமலே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. வருவதற்கு முன்னால் உன் சான்றுக் காகிதத்தை மறக்காமல் கொடுத்துவிடு.

உன் அக்கா,
பழனாத்தாள்


கருமத்தம்பட்டி,
11.1.1996

அக்காவுக்கு,

கார்டு என்பதால் தபால்காரரும் படிப்பார், சுருக்கமாக எழுதுகிறேன். கோபம் தீரவில்லை. இருந்தாலும் பதினெட்டாம் தேதி வருகிறேன். மாமாவிடம் சொல்லவும்.

காலையில் வேலை தேடிப் போகிற பஸ் ஸ்டாப்பில் தினமும் பாலுசாமியும் நிற்கிறான். அவன் அந்தக் கம்பத்தடியில், நான் இந்தக் கம்பத்தடியில். ஒரே பஸ், ஒரே டிக்கெட். அவனுக்கு மாதம் பிறந்தால் ஒன்றும் வராது. எனக்கு வரும். அவன் எடுத்த விரலுக்கு நான் சாகிறவரைக்கும் வரும். நேற்று, உயிரோடு இருக்கிறேன் என்று அத்தாட்சி வாங்க ஹெட்மாஸ்டரிடம் சான்றுக் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "உயிரோட இருக்கறீங்க, நான் பாத்துட்டேன், இன்னும் எத்தன வருசத்துக்கு இப்படி வருவீங்க?" என்றார்.

"இந்தக் காயிதம் குடுக்கறதுக்குன்னே நூறு வயசு இருப்பேனுங்க" என்று சொல்லிவிட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நீங்களும் இருக்க வேண்டும்.

தனபால்